பெயரும் பண்டமும்: எல்லையோர உணவகப் பட்டியல்களில் 'அசல்' என்னும் உரிமைக் கூற்று – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கேரள மாநிலத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழகக் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியும் ஒன்றையொன்று தொடும் ஊர்களுள் ஒன்று பனச்சமூடு. 'மூடு' என்பது மரத்தின் அடியைக் குறிக்கும் சொல்; இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றுக்கு அது ஈறாக அமைகிறது. இவ்வூருக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிப் பாறசாலையும் களியக்காவிளையும் அடுத்தடுத்த எல்லை ஊர்களாக உள்ளன. இப்பகுதியில் கடைப்பலகைகள் தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் காணப்படும். பேச்சு இருமொழிக்கும் இடையே இயல்பாகச் சென்று மீளும். சாப்பாடு என்று எழுதிய பலகைக்குச் சற்றுத் தொலைவில் 'ஊண்' என்று எழுதிய பலகை இருக்கும். 'ஊண்' என்பது பழந்தமிழ் நூல்களில் உணவைக் குறித்த சொல்லே. தமிழக உணவகங்கள் கைவிட்ட அச்சொல்லை மலையாள வழக்கு இன்றும் காத்து வருகிறது.

இத்தகைய ஊரில் ஓர் உணவகம் தன் பட்டியலில் 'அசல் கேரள அவியல்' என்றோ, 'நாடன் மீன்கறி' என்றோ, 'தமிழ்நாட்டுச் சாப்பாடு' என்றோ எழுதுமானால் அவ்வெழுத்து எதனை உறுதி கூறுகிறது? அவ்வுறுதி மெய்யாவது எப்போது, பொய்யாவது எப்போது? பொய்யாயின் அதனால் கேடுறுவோர் யார்? இவ்வினாக்கள் சுவை பற்றியவை போலத் தோன்றினும் உண்மையில் சொல் பற்றியவை. எனவே மொழியும் இலக்கணமும் பயில்வோர் கருதத்தக்கவை. உணவுப் பெயர்களின் மெய்ம்மையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை எல்லையோர வழக்குகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'அசல்' என்னும் சொல்

முதற்கண் 'அசல்' என்னும் சொல்லையே நோக்குதல் வேண்டும். அசல், நகல் ஆகிய இரண்டும் அரபு மூலத்தவை. பாரசீகம், உருது வழியாக நம் வழக்கில் கலந்தவை. முன்னதன் மூலச்சொல் வேரைக் குறிக்கும். பின்னது பெயர்த்து எழுதுதலைக் குறிக்கும். தமிழில் இவ்விரண்டும் பத்திரம், வழக்கு, வருவாய்த்துறை ஆவணம் ஆகியவற்றின் வழியே வேரூன்றின. ஆவணத்தில் அசல் என்பது ஐயத்துக்கு இடமற்றது. முதலில் எழுதப்பட்டுக் கையொப்பமிடப்பட்ட ஒரு தாள் உண்டு. ஏனையவை அதன் படிகள். ஐயம் எழுந்தால் முதற்றாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உணவுக்கு இத்தகைய முதற்றாள் இல்லை. முதன்முதலில் ஆக்கப்பட்ட அவியல் உண்ணப்பட்டு அன்றே தீர்ந்தது. எஞ்சியது செய்முறை பற்றிய நினைவு மட்டுமே. அமெரிக்க மெய்யியலார் நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட 'கலையின் மொழிகள்' என்னும் நூலில் கலைகளை இருவகையாகப் பகுத்தார். ஓவியம் போன்றவற்றில் ஓவியன் கைபட்ட பொருளே மெய்யானது. எத்துணை நுட்பமாகப் படியெடுப்பினும் படி போலியே. இசை போன்றவற்றிலோ குறியீட்டுக்கு இணங்க நிகழ்த்தப்படும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அப்படைப்பேயாகும். உணவு ஓவியத்தைவிட இசைக்கே நெருக்கமானது. ஆயினும் இசைக்குறியீடு போன்ற வரையறுத்த எழுத்துவடிவம் வீட்டுச் சமையலுக்கு இருந்ததில்லை. தாய் மகளுக்குக் கைப்பக்குவமாகக் கற்பித்ததே அதன் ஏடு. ஆதலின் ஆவண உலகிற்குரிய 'அசல்' என்னும் சொல்லை அடுக்களைக்குக் கொண்டுவரும்போதே ஒரு பிழை நுழைந்து விடுகிறது. இல்லாத முதற்படி ஒன்று எங்கோ இருப்பதாக அச்சொல் நம்மை எண்ணச் செய்கிறது.

தொழிலால் பெயர், இடத்தால் பெயர்

தமிழிலக்கணம் இச்சிக்கலுக்குத் தெளிவு தரவல்லது. ஆகுபெயரை விளக்குமிடத்து, தொழிலின் பெயர் அத்தொழிலால் விளைந்த பொருளுக்கு ஆகிவருவதைத் தொழிலாகுபெயர் என்பர். பொங்கல், வற்றல் ஆகியவற்றை உண்டதாகக் கூறும் தொடர்களே இதற்குப் பள்ளிகளில் வழங்கும் எடுத்துக்காட்டுகள். எடுத்துக்காட்டு அடுக்களையிலிருந்து வந்தது தற்செயலன்று. பொரியல், வறுவல், துவையல், அவியல், தீயல், பொங்கல் எனத் தமிழ் வழங்கும் உணவுப் பெயர்களுள் பெரும்பகுதி தொழிலாகுபெயர்களே. இப்பெயர்கள் பண்டம் எந்த ஊரில் பிறந்தது என்று கூறா. அப்பண்டத்துக்கு என்ன செய்யப்பட்டது என்றே கூறும்.

இதனால் ஓர் அகவயமான அளவுகோல் கிடைக்கிறது. தீயல் என்பது தேங்காயைக் கருஞ்சிவப்பாகும் வரை வறுத்து அரைத்துச் சேர்க்கும் புளிக்குழம்பு. உள்ளி, பாகல், கத்தரி என எதனை இட்டும் அதனைச் செய்யலாம். காரம் கூடலாம், குறையலாம். ஆனால் தேங்காய் வறுபடாது பச்சையாக அரைபட்டிருப்பின் அது வேறொரு நல்ல குழம்பாக இருக்கலாமேயன்றித் தீயல் ஆகாது. பெயர் சுட்டும் தொழில் நிகழவில்லை என்பதே காரணம். இம்முடிவைக் கூறப் பனச்சமூட்டில் பிறந்திருக்க வேண்டுவதில்லை. பெயரின் பொருளை அறிந்திருந்தால் போதும்.

இன்றைய உணவுப் பட்டியல்களில் பெருகியுள்ளவையோ இடத்தால் பெற்ற பெயர்கள். செட்டிநாட்டுக் கோழி, மலபார் பரோட்டா, ஆம்பூர் பிரியாணி, கேரளப் புட்டு என்பன அவை. ஊர்விட்டு ஊர் சென்று உண்போரும், அவர்களுக்கு விற்போரும் பெருகிய சூழலில் இத்தகைய பெயர்களுக்குத் தேவை மிகுந்தது. சொந்த ஊரில் எவரும் தம் புட்டைக் கேரளப் புட்டு என்பதில்லை; புட்டு என்றே சொல்வர். அடைமொழி அயலார்க்காகவே சேர்க்கப்படுகிறது. எனவே இடப்பெயர் என்பது பண்டத்தின் இயல்பைக் கூறுவதைவிட, விற்பவனுக்கும் உண்பவனுக்கும் இடையேயுள்ள தொலைவையே கூறுகிறது எனலாம்.

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும். காரணம் கருதியபோது காரணப் பெயராகவும் கருதாதபோது இடுகுறியாகவும் நிற்பனவற்றைக் காரண இடுகுறி என்பர். உணவின் இடப்பெயர்கள் காலப்போக்கில் இந்நிலையையே அடைகின்றன. இதற்குச் சிறந்த சான்று செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டர். செங்கோட்டை திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்த காலத்தில் அதற்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையிலான எல்லை அங்கிருந்தது. 1956இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவ்வெல்லை மறைந்தது. 'பார்டர்' என்னும் ஊர்ப்பெயர் நிலைத்தது. அங்குள்ள பரோட்டாக் கடைகளால் 'பார்டர் பரோட்டா' என்னும் வழக்குத் தோன்றி, எந்த எல்லையும் இல்லாத நகரங்களின் பலகைகளிலும் ஏறியது. இல்லாத எல்லையின் பெயரால் வழங்கும் அப்பரோட்டாவைப் பொய் என்று எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. காரணம் தேய்ந்து பெயர் இடுகுறியாயிற்று. இடப்பெயர்கள் அனைத்தையும் பிறப்புச் சான்றிதழாகக் கொள்வது பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.

எல்லைக்கோடும் இலைச்சோறும்

எல்லையோர உணவின் சிக்கலை உணர அரசியல் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் வேண்டும். இப்பகுதி முழுதும் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்களையும் தமிழகத்துடன் இணைக்கக் கோரியது. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையின் வழியே தென்வட்டங்கள் நான்கும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை உள்ளிட்டவை கேரளத்திலேயே நின்றன. 1956 நவம்பர் 1 முதல் விளவங்கோடு ஒரு மாநிலமும் நெய்யாற்றின்கரை பிறிதொரு மாநிலமும் ஆயின.

கோடு நிலத்தைப் பிரித்தது; இலையைப் பிரிக்கவில்லை. கல்யாண விருந்தில் பருப்பு, அவியல், எரிசேரி, துவரன், கிச்சடி, பச்சடி, இஞ்சிக்கறி, புளிசேரி, பாயசம் என்னும் வரிசை கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ ஒன்றே. திருவனந்தபுரம் வட்டார விருந்தில் பாயசத்தோடு போளியைச் சேர்த்து உண்ணும் வழக்கம் உண்டு. கேரளத்தின் வடபகுதி விருந்துகளில் இது வழக்கமன்று. தமிழகத்தில் தனித் தின்பண்டமாக விற்கப்படும் போளி, இங்குப் பாயசத்தோடு கூடி விருந்தின் உறுப்பாயிற்று. இதனைத் தமிழ்ப் பண்டம் என்பதா, கேரளப் பண்டம் என்பதா? வினாவே பிழையானது. தொல்காப்பியம் உணவைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்துத் திணையோடு இயைத்தது. அதே மரபு திணைமயக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. நிலங்கள் கலக்கும் இடத்தில் கருப்பொருளும் மயங்கும் என்பது விதிவிலக்கன்று. நிலவாழ்வின் இயல்பே அதுவாகும்.

ஒரே பெயர் இருவேறு பண்டங்களைக் குறிப்பதும் எல்லையில் உண்டு. தமிழக உணவகங்களில் கிச்சடி என்பது ரவையில் காய்கறிகள் சேர்த்துச் செய்யும் சிற்றுண்டி. குமரி, திருவனந்தபுரம் வட்டார விருந்திலோ கிச்சடி என்பது தேங்காயும் கடுகும் அரைத்துத் தயிரில் கலந்த தொடுகறி. மதுரையிலிருந்து வரும் பயணி பனச்சமூட்டில் கிச்சடி கேட்டு, இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வெள்ளரிக்காய்த் தயிர்க்கறி பெற்றால் ஏமாற்றம் அடையலாம், ஏமாற்றப்பட்டார் ஆகார். ஏமாற்றம் உண்பவனது எதிர்பார்ப்பில் நிகழ்வது. ஏமாற்று விற்பவனது கருத்தில் நிகழ்வது. மெய்ம்மை பற்றிய பூசல்களில் பலவும் இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையால் எழுவனவே. மறுதலையாக, பெயர் இரண்டாயினும் பண்டம் ஒன்றாதலும் உண்டு. சென்னையின் வஞ்சிரமே இங்கு நெய்மீன்.

மரச்சீனியும் பழைமை என்னும் அளவுகோலும்

பழைமையானதே அசல் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. இதனைச் சோதிக்க மரச்சீனியைவிடத் தக்க பண்டம் இப்பகுதியில் இல்லை. தமிழகத்தின் பிற பகுதிகளில் மரவள்ளி என்றும், மத்திய கேரளத்தில் கப்பை என்றும் வழங்கும் இக்கிழங்கு, குமரியிலும் தென்திருவிதாங்கூரிலும் மரச்சீனி எனப்படுகிறது. அவித்த மரச்சீனியும் மீன்கறியும் இன்று 'பாரம்பரிய உணவு' என்னும் தலைப்பின்கீழ் விடுதிகளின் பட்டியலில் இடம்பெறுகின்றன. ஆனால் இக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்கா. போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே இது நம் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா இதன் சாகுபடியை ஊக்குவித்துப் பரப்பினார். உடன் வரும் மீன்கறியின் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. பழைமையே அளவுகோலாயின் இவ்வுணவு தகுதி இழக்கும். ஆனால் இதனை இம்மண்ணின் உணவன்று எனக் கூற எவரும் துணியார்.

இதனை இம்மண்ணுக்கு உரியதாக்கியது அது இம்மண்ணில் செய்த பணியே. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் பர்மா சப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் கடும் தட்டுப்பாட்டில் தவித்தது. அக்காலத்தில் எளிய மக்களின் வயிற்றைக் காத்தது மரச்சீனி. அரிசிச்சோறு கிட்டாதவர் உண்டது என்பதால் அதற்குத் தாழ்வும் கற்பிக்கப்பட்டது. கிழங்கில் இயற்கையாக உள்ள நச்சுப் பொருளைப் போக்க வெட்டி வேகவைத்து நீரை வடித்தெடுக்கும் பக்குவத்தை வீட்டுப் பெண்கள் பழகித் தலைமுறைகளுக்குக் கடத்தினர். அந்தப் பக்குவத்தை எந்த ஏடும் பதிவுசெய்து பெருமைப்படுத்தவில்லை.

இன்று அதே கிழங்கு மண்சட்டியில் வாழையிலை விரித்துப் பரிமாறப்பட்டு உயர்விலைக்கு விற்கப்படுகையில் அறவியல் வினா கூர்மை பெறுகிறது. பண்டம் பொய்யன்று, செய்முறையும் பொய்யன்று. ஆயினும் 'அரச விருந்து' என்றோ 'தொன்மை மரபு' என்றோ அதற்கு ஒரு கதை கட்டப்படுமாயின் அக்கதை பொய்யாகிறது. அது உண்பவனை மட்டும் ஏமாற்றவில்லை. வறுமையில் அவ்வுணவைக் காத்துத் தந்தோரின் வாழ்வையும் அழிக்கிறது. அவியலுக்கும் இத்தகைய கதைகள் உண்டு. விராடன் அரண்மனையில் வீமன் ஆக்கினான் என்று ஒன்று. அரண்மனை விருந்தில் எஞ்சிய காய்களால் தோன்றியது என்று மற்றொன்று. இவை கதைகள் என்று அறிந்தே சொல்லப்படும்வரை கேடில்லை; வரலாறாக அச்சிடப்படும்போதே கேடு தொடங்குகிறது.

மூவகை உறுதிகள்

மேற்கூறியவற்றால், உணவுப் பட்டியலில் ஒரு பெயர் எழுதப்படுகையில் மூவகை உறுதிகள் கூறப்படுகின்றன எனப் பகுக்கலாம்.

முதலாவது பொருளுறுதி. நெய்மீன் என்றால் நெய்மீனே இருத்தல் வேண்டும். சூரையைக் கொடுத்து நெய்மீன் என்பது பொய். கருப்பட்டிக் காப்பி என்றால் பனங்கருப்பட்டி இருத்தல் வேண்டும். சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் புழங்குவது நாடறிந்தது. அதனை அசலென விற்பது குடிப்பவனுக்கு மட்டுமன்றி, அரிதாகி வரும் பனையேற்றத் தொழிலில் உயிரைப் பணயம் வைப்போருக்கும் இழைக்கும் அநீதி. அவர்தம் உழைப்பின் பெயரால் பிறர் விலை பெறுகின்றனர். இவ்வுறுதி மீறப்படும்போது சட்டமும் குறுக்கிடும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், கேட்ட பண்டத்தின் இயல்பும் தன்மையும் தரமும் இல்லாத உணவை விற்பதைத் தண்டத்துக்குரியதாகக் கூறுகிறது. இங்கு மெய்யும் பொய்யும் தெளிவானவை.

இரண்டாவது தொழிலுறுதி. பெயர் சுட்டும் வினை நிகழ்ந்துள்ளதா என்பதே இதன் வினா. இதில் ஓர் எல்லைக்குட்பட்ட நெகிழ்வு உண்டு. அவியலின் புளிப்புக்குத் தயிர் சேர்ப்பாரும் மாங்காய் சேர்ப்பாரும் புளி சேர்ப்பாரும் உளர், மூன்றும் அவியலே. காய்களைத் தனித்தனியே எண்ணெயில் பொரித்துக் கலந்தால் அது அவியலாகாது. இத்தாலியின் நேப்பிள்சு நகரப் பீட்சாவைக் காக்க 1984இல் ஒரு சங்கம் அமைந்தது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு அளித்த 'மரபுச் சிறப்புறுதி' என்னும் பாதுகாப்பு இடத்தைப் பற்றியதன்று, செய்முறையைப் பற்றியது. உரிய முறையில் செய்தால் நேப்பிள்சுக்கு வெளியிலும் அப்பெயரைப் பயன்படுத்தலாம். நம் தொழிலாகுபெயர் மரபு உணர்த்துவதும் இதனோடு ஒக்கும்.

மூன்றாவது பிறப்புறுதி. இன்ன ஊரின், இன்ன மக்களின் உணவு என்பது இது. இதுவே மிகுதியாகப் பூசலுக்கு உள்ளாவது. மெய்ப்பிக்க அரிதானதும் இதுவே. 2003 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள புவிசார் குறியீட்டுச் சட்டம் இதனை ஒருவாறு ஒழுங்குசெய்கிறது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இலும் கன்னியாகுமரி மட்டி வாழை 2023இலும் இக்குறியீட்டைப் பெற்றன. ரசகுல்லா யாருக்குரியது என்னும் நெடும்பூசலில் 2017இல் வங்காளத்துக்கும் 2019இல் ஒடிசாவுக்கும் தனித்தனியே குறியீடு வழங்கப்பட்டது. ஒருவரது உரிமை பிறரது உரிமையை இல்லாமற் செய்யவில்லை. இருவேறு பக்குவங்கள் இருவேறு பெயர்களால் பிரித்தறியப்பட்டன. பிறப்புறுதி என்பது தனியுடைமைப் பத்திரமன்று என்பதை இத்தீர்வு காட்டுகிறது.

அவ்வாறாயின் பிறப்புறுதியின் அறப்பொருள் யாது? அது உடைமையைக் கூறுவதன்று, கடனைக் கூறுவதாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. 'இதனை இன்னாரிடமிருந்து கற்றோம்' என்று ஒப்புக்கொள்ளும் நன்றியறிதலாக இடப்பெயரைக் கொண்டால் அது மெய்; 'இன்னாரைத் தவிர எவர்க்கும் உரிமையில்லை' என்னும் வேலியாகக் கொண்டால் அது பொய்.

இரு தடைகளும் விடைகளும்

இங்குத் தடை இரண்டு எழலாம். முதலாவது, உணவு என்றும் மாறிக்கொண்டே வருவது, ஆதலின் மெய்ம்மை பற்றிய பேச்சே வீண் என்பது. அர்ச்சுன் அப்பாதுரை 1988இல் வெளியிட்ட கட்டுரையில், இந்திய உணவு என்னும் தேசியக் கருத்தே ஆங்கிலச் சமையல் நூல்களாலும் அவற்றைப் படிக்கும் நகர நடுத்தர வகுப்பாராலும் உருவாக்கப்பட்டு வருவது எனக் காட்டினார். ஆக்கப்பட்டதைக் காப்பானேன் என்று வினவலாம். விடை இதுவாகும்: மாற்றம் உண்மையாதலால் சொல்லுறுதி வீணாகிவிடாது. மொழியும் மாறுவதே; ஆயினும் இன்று வழங்கும் பொருளுக்கு மாறாக ஒரு சொல்லைக் கையாண்டு பிறரை ஏய்ப்பவனை 'மொழி மாறுவது' என்று கூறி விடுவிப்பதில்லை. பெயர் நேற்று எதைக் குறித்தது என்பதைவிட, இன்று கேட்பவர் அதனால் எதனை நியாயமாக உணர்வார் என்பதே விற்பவனைக் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது தடை மறுமுனையிலிருந்து வருவது. உண்பவர் மகிழ்ந்து உண்கின்றனர், உடலுக்கும் தீங்கில்லை, பெயர் எதுவாயின் என்ன என்பது அது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் மெய்யைத் தீங்கு விளைக்காத சொல்லாக வரையறுப்பதையும், குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யையும் மெய்யின் பாற்படுத்துவதையும் இதற்குத் துணையாகக் காட்டலாம். ஆனால் அவ்வரையறையே இத்தடையை மறுக்கிறது. தீங்கு உண்பவனுக்கு மட்டுமே நேர வேண்டும் என்பதில்லை. மட்டி வாழை பயிரிடுவோர், பனையேறுவோர், மீன் பிடிப்போர், பக்குவம் காத்த பெண்கள் ஆகியோர் இவ்வாணிகத்தில் கண்ணுக்குத் தெரியாத தரப்பினர். அவர்க்குரிய விலையும் பெயரும் பிறர்பால் செல்லுமாயின் தீங்கு நிகழ்ந்ததேயாம். நடுவுநிலைமை அதிகாரத்தில் வாணிகத்தை வள்ளுவர் வைத்துப் பேசியிருப்பது இங்கு நினையத்தக்கது.

எவரது நாக்கு அளவுகோல்?

மெய்ம்மையை வரையறுக்கும் அதிகாரம் எவருக்கு என்னும் வினா இன்னும் எஞ்சுகிறது. 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிருவாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணி அதில் விலக்கப்பட்டமைக்கு எதிர்ப்பு எழுந்தது. பின்னர் மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. ஓர் ஊரின் உணவை ஊர்ப்பெயரால் கொண்டாட முனைகையில், அவ்வூரார் பலர் நாள்தோறும் உண்பது அதன் பட்டியலில் இடம்பெறாமற் போயிற்று. 'அசல்' என்பது சேர்க்கும் சொல் மட்டுமன்று, நீக்கும் சொல்லுமாகும் என்பதற்கு இது சான்று.

எல்லையோர மக்களும் இவ்வகை நீக்கத்தை நன்கு அறிவர். விளவங்கோட்டுத் தமிழ் வீட்டில் தலைமுறைகளாக உண்ணப்படும் புட்டும் பயறும், தேங்காய் அரைத்த மீன்கறியும் சென்னையில் 'கேரள உணவு' ஆகிவிடுகின்றன. பிட்டுக்கு இறைவன் மண் சுமந்த கதையைத் திருவிளையாடற்புராணத்தில் பயின்ற தமிழுலகமே குமரியாரின் புட்டை அயல் பண்டமாகக் காண்பது வியப்பே. மறுபுறம், எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின்கரைப் பகுதித் தமிழரின் உணவும் பேச்சும் 'பாண்டி' என்னும் ஏளனச் சொல்லுக்கு உள்ளாகின்றன. இரு மாநிலப் பட்டியல்களும் தத்தம் அசலைத் தூய்மைப்படுத்தும்போது, இடையில் வாழ்வோர் இரண்டிலும் நகல் ஆகின்றனர். ஓர் உணவைப் பிறிதொரு மாநிலத்துக்கு எழுதிவைப்பது, அதை உண்டு வளர்ந்தோரையே அயலாராக்குவது என்பதை உணவகத்தார் மட்டுமன்றி, வட்டார வழக்கும் பண்பாடும் ஆயும் நாமும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

உணவின் மெய்ம்மை பண்டத்தினுள் உறையும் ஒரு பண்பன்று. அது சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும், அவ்விருவர்க்கும் முன்னே அப்பண்டத்தைக் காத்தவர்க்கும் இடையே நிலவும் சொல்லுறவு. பொருளுறுதியில் சிறிதும் தளர்வு கூடாது. அது மெய்யோ பொய்யோ ஆகும். தொழிலுறுதியில் பெயரின் பொருள் அனுமதிக்கும் அளவு நெகிழலாம். பிறப்புறுதியை வேலியாக்காது நன்றியாகக் கூறுதல் தகும். 'அசல்' என்னும் ஆவணச் சொல்லைவிடத் தீயல், அவியல், பொங்கல் எனச் செய்ததைச் செய்தவாறு கூறும் நம் பழைய பெயரிடு முறையே இதற்கு ஏற்ற வழிகாட்டி.

பனச்சமூட்டின் எல்லைக்கோடு எழுபது ஆண்டு அகவையது. தேங்காயை வறுத்து அரைக்கும் பக்குவத்துக்கு எவரும் அகவை கணித்ததில்லை. அங்குள்ள ஒரு கடைக்காரர் தம் பலகையில் 'அசல்' என்று எழுதாமல், 'எங்கள் ஊர்த் தீயல்' என்று மட்டும் எழுதி, தேங்காயை உரியவாறு வறுத்து, காயையும் மீனையும் சொன்னபடி இட்டுப் பரிமாறுவாராயின், அவர் எம்மாநிலத்தவர் என்று கேட்க வேண்டிய தேவை இராது. கேட்கப்படும் எல்லா உறுதிகளையும் அவர் நிறைவேற்றிவிட்டார்.